பிள்ளையைத் தெருவில் விட்டது யார்?



பத்து நாளாக நமதூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலரை நிமிடம். பேசியது யார் என்று ஊருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், பெயர் இங்கே தேவையில்லை. "கொரோனா காலத்துல வீட்டுல இருந்து வேலை செஞ்ச பொம்புளைகள் இப்ப திரும்பக் கொழும்புக்கு ஓடுறாங்க, புள்ளைகளத் தெருவுல விட்டுட்டு ஓடுறாங்க, காசாசை கண்ண மறைச்சிட்டு" என்பதுதான் அதன் சாரம். கேட்ட பலர் கீழே "மாஷா அல்லாஹ், நல்ல நஸீஹத்" என்று போட்டிருக்கிறார்கள். சில உம்மாமார் அதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் காலையில் கேட்டடியில் பிள்ளையை இறக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து பேசி, ஒருவர் தட்டச்சுச் செய்து, இதை எழுதுகிறோம். இந்த விஷயத்தில் எங்களுக்குப் பேச என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பின்னேரம் ஒன்றரை மணிக்கு மணி அடித்த பிறகு அந்தக் கேட்டடியில் நிற்பது நாங்கள். எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருகிறார்கள், யாருக்கு எவரும் வருவதில்லை என்பது குரல்பதிவு போட்டவரை விட எங்களுக்குத் தெரியும்.

"ஓடுறாங்க" என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். 2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. 20ஆம் திகதி ஊரடங்கு. அந்த வாரத்தோடு கொழும்புக் கந்தோர்கள் நமதூர் வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. கணக்குப் பகுதி, காப்புறுதி, ஆடைக் கம்பனிகளின் தலைமைக் கந்தோர், மென்பொருள், வெளிநாட்டுக் கம்பனிக்குத் தரவு அடிக்கும் வேலை, எல்லாமே. பிறகு 2022. பெற்றோல் இல்லை. ஜூன் மாதம் அரசாங்கமே அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. வெள்ளிக்கிழமையை லீவாக்கி வீட்டுத்தோட்டம் போடவும் சொன்னது. (எத்தனை வீட்டில் மிளகாய்க் கன்று நட்டார்கள் என்று கேட்க மாட்டோம்.) ஜூலை 25 பாடசாலை தொடங்கியபோதும் திங்கள், செவ்வாய், வியாழன் மட்டுமே நேரில். புதனும் வெள்ளியும் வீட்டில்.

அதற்குப் பிறகு பெற்றோல் வந்தது, பஸ் வந்தது, பாடசாலை ஐந்து நாளும் திறந்தது. கந்தோர்களில் பல உடனே ஆட்களைக் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்தால் கரண்ட் பில், ஏசி, வாடகை எல்லாம் மிச்சம் என்று கண்டவர்கள் ஆறுதலாகத்தான் இருந்தார்கள். முதலில் வாரத்தில் இரண்டு நாள் வரச் சொன்னார்கள். பிறகு மூன்று. இப்போது நமதூரில் வேலைக்குப் போகும் பல வீடுகளுக்கு "அடுத்த மாதம் முதலாம் திகதி தொடக்கம் ஐந்து நாளும்" என்று ஒரு ஈமெயில் வந்திருக்கிறது. சில இடங்களில் இரண்டு வார அவகாசம், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த ஈமெயிலில் பிள்ளை என்ற சொல் எங்கேயும் இல்லை.

இதற்குப் பெயர் ஓட்டமா?

குரல்பதிவில் இன்னொரு பேச்சு இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம், உம்மா பக்கத்தில் இருந்ததால் பிள்ளைகள் நல்லா இருந்தார்களாம். சூம் வகுப்பு எடுத்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் நமதூர் வீடுகளின் உள்ளே தினமும் எட்டிப் பார்த்த வேறு ஆட்கள் கிடையாது. நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். ஒரு போன், அதில் மூன்று பிள்ளைக்கு வகுப்பு. உம்மா லெப்டொப்பில் கூட்டத்தில் இருக்கிறா, காதில் ஹெட்போன், மடியில் சின்னவன், ஒரு கையால் மைக்கை நிறுத்துவதும் திறப்பதும். அடுப்பில் சோறு. "டீச்சர், நான் அஞ்சு நிமிஷத்துல வாறேன், இவனப் பார்த்துக்கொள்ளுங்க" என்று கெமராவைத் திருப்பி வைத்துவிட்டுப் போன உம்மாமார் உண்டு. இரவு பதினொன்றரைக்கு வீட்டுப்பாடத்தின் படம் வரும், கூடவே "மன்னிக்கவும் டீச்சர், இப்பதான் வேலை முடிஞ்சது" என்று ஒரு வரி.

அந்தக் காலத்தில் பிள்ளை பார்ப்பது, சமைப்பது, படிப்பிப்பது, சம்பளத்துக்கு உழைப்பது நான்கும் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே ஆளின் தலையில் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாததால் ஒழுங்காக இருப்பது போலத் தெரிந்தது. இப்போது அந்த ஆள் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறிவிட்டா. மறைந்து கிடந்த வேலை முழுவதும் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஊர் அதைப் பார்த்துத் திடுக்கிடுகிறது. அவ்வளவுதான் நடந்தது.

மணிக்கூட்டைக் கொஞ்சம் பாருங்கள். பாடசாலை காலை ஏழரையிலிருந்து பின்னேரம் ஒன்றரை வரை. அரச கந்தோர் எட்டரையிலிருந்து நாலேகால் வரை. தனியார் கந்தோர்கள் ஐந்து, ஐந்தரை. அதன் பிறகு புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்று, பேலியகொடையில் நகர்ந்து, கிரிபத்கொடையில் நின்று, கடவத்தை தாண்டி, நிட்டம்புவைப் பக்கம் வந்து இறங்கும்போது மஃரிப் முடிந்திருக்கும். ரெயிலில் வேயங்கொடைக்கு வந்து அங்கிருந்து பஸ் பிடித்தாலும் அதே கணக்குத்தான். ஒன்றரைக்கும் ஆறரைக்கும் இடையில் ஐந்து மணித்தியாலம். குர்ஆன் மத்ரஸா அஸருக்குப் பிறகு. ஆக ஒன்றரையிலிருந்து நாலு மணிவரை பிள்ளைக்கு இடமில்லை. மத்ரஸா முடிந்த பிறகும் இடமில்லை.

இந்த இடைவெளியை உம்மாமார் உண்டாக்கவில்லை. பாடசாலை மணியைத் தீர்மானித்தவர்கள், பகலில் வீட்டில் ஒரு பெண் சோற்றோடு காத்திருக்கிறாள் என்று நினைத்துத் தீர்மானித்தார்கள். கந்தோர் மணியைத் தீர்மானித்தவர்களும் அதே பெண்ணை நம்பித்தான் தீர்மானித்தார்கள். இரண்டு பேரும் அவளுக்கு ஒரு சதம் கொடுத்ததில்லை. இப்போது அவள் வீட்டில் இல்லை என்றதும் இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள், ஊர் அவளைத் திட்டுகிறது.

ஒன்றரைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம். கழுத்தில் மாலை போலச் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போய், கதவைத் திறந்து, சோற்றைச் சூடாக்கி இரண்டு பேருக்கும் போடும் ஒன்பது வயது ராத்தா இருக்கிறா. திங்கட்கிழமை எங்களிடம் வந்தபோது கையில் சுட்ட காயம். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கிறது, கடைக்கார நானா நல்லவர், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்கும் கடைக்காரர் நல்லவராக இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது? பிள்ளைகளுக்குத் தீங்கு பெரும்பாலும் தெரியாத ஆளிடமிருந்து வருவதில்லை, தெரிந்த வீட்டில், தெரிந்த ஆளிடமிருந்துதான் வருகிறது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தைப் பாடசாலைச் சுவரில் ஒட்டியிருப்பது அலங்காரத்துக்கல்ல.

மிச்சப் பிள்ளைகள் உம்மும்மாமாரிடம். நமதூரில் டே கெயார் என்றால் முக்கால்வாசி உம்மும்மாதான். அறுபத்தைந்து வயது, சீனி வருத்தம், முழங்கால் வலி, இரண்டு மகள்மாரின் நாலு பிள்ளைகள். அவர் பிரஷருக்கு மருந்தெடுக்க கிளினிக் போகும் நாளில் நாலு பிள்ளையும் பாடசாலைக்கு வராது, பின்னேரம் ஏற்றுக்கொள்ள ஆளில்லை என்பதால். வரவு இடாப்பில் அது "சுகவீனம்" என்று பதிவாகிறது. யாருடைய சுகவீனம் என்று கேட்பதற்கு அதில் கட்டம் இல்லை. குரல்பதிவு போட்டவர் உம்மும்மாமாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் சும்மா கிடைப்பவர்கள், அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, வேலையை விட்டால் என்ன என்கிறார்கள். நாலு பேர் கூடும் இடத்தில் இதைச் சொல்வது மிகவும் இலேசு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு ஏறத்தாழ 95 சதவீதம். அதே வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. பிறகு பணவீக்கம் இறங்கியது என்றார்கள். இறங்கியது ஏறும் வேகம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, பால்மா பக்கெட்டைக் கேளுங்கள், கொப்பிக் கடையைக் கேளுங்கள். அந்த இரண்டு வருடத்தில் நகையை அடகு வைத்தவர்கள், சீட்டுக்காசில் கடன் அடைத்தவர்கள், வாப்பாவின் கடை மூடப்பட்ட பிறகு உம்மாவின் சம்பளத்தில் மட்டும் சாப்பிட்டவர்கள் நமதூரில் எத்தனை வீடு என்பது பள்ளிவாசல் ஸகாத் பட்டியல் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வீடுகள் பட்டியலில் சேராமல் இருப்பதே அந்தப் பெண் காலையில் பஸ் ஏறுவதால்தான். அவளை வேலையை விடச் சொல்கிறவர் அடுத்த ரமழானில் அவள் வீட்டு வாசலில் ஸகாத் கவரோடு போய் நிற்கத் தயாரா?

கணவன் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் வீடுகள், கணவன் மௌத்தான வீடுகள், கணவன் விட்டுப்போன வீடுகள் இருக்கின்றன. அவர்களையும் சேர்த்துத்தான் "காசாசை" என்றார்.

தேவைக்காக மட்டுமே பெண் வேலைக்குப் போகலாம் என்று நாங்கள் இறங்கிவந்து பேசவும் தயாரில்லை. கதீஜா நாயகி (ரழி) அவர்கள் வியாபாரம் செய்தவர்கள் என்று அஹதிய்யாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே பிள்ளை வீட்டுக்குப் போய் தன் உம்மாவைப் பற்றி இந்தக் குரல்பதிவைக் கேட்கிறது. ஒலுவிலிலும் கொழும்பிலும் பட்டம் முடித்து வந்த நமதூர்ப் பிள்ளைகளை மேடையேற்றி மாலை போட்டவர்கள் நாம்தான். இந்த நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள், ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். வீட்டிலிருந்து வேலை என்ற வாசல் திறந்தபோது, கொழும்பில் போர்டிங் போக வீட்டில் சம்மதம் கிடைக்காத எத்தனையோ பிள்ளைகள் முதல் தடவையாகச் சம்பளம் எடுத்தார்கள். அந்த வாசல் மூடும்போது வெளியே நிற்கப்போவது அவர்கள்தான். அவர்களில் இரண்டு பேர் கடந்த மாதம் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் எங்களிடம் படித்தவர்கள்.

இனி வாப்பாமார். குரல்பதிவின் நாலரை நிமிடத்தில் "வாப்பா" என்ற சொல் ஒரு தடவையும் வரவில்லை, நாங்கள் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தோம். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வாப்பாமாரும் இருந்தார்கள்தானே? அந்தக் காலத்தில் பைக்கில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்து கேட்டடியில் இறக்கியவர்கள், ஒன்றரைக்கு சாரனும் டீசேர்ட்டுமாக வந்து நின்று "டீச்சர், இவன் கணக்குல எப்பிடி?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தரம் 3 வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வந்ததே அவனுடைய வாப்பா பின்னேரங்களில் கூட உட்கார்ந்ததால்தான். எங்களுக்கு அது புதுமையாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவர்களையும் கந்தோர் திரும்பக் கூப்பிட்டது, அவர்களும் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் பதிவு போடவில்லை, அவர்கள் பிள்ளையைத் தெருவில் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டோம். சட்டமும் இதே கண்ணோட்டத்தில்தான் இருக்கிறது. பிரசவ லீவு 84 வேலைநாள், 2018இல் அதை எல்லாப் பிள்ளைக்கும் சமமாக்கினார்கள், அது நல்ல காரியம். வாப்பாவுக்கு அரச துறையில் மூன்று நாள், தனியார் துறையில் சட்டப்படி ஒன்றுமே இல்லை.

வீட்டு வேலையில் குடும்பத்துக்கு உதவியாக இருந்தது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழமை என்று ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பில் படித்திருக்கிறோம். பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுததையும் படித்திருக்கிறோம். தொழுகையை நீட்ட நினைத்து நின்றவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும், தாயின் மனம் படும்பாடு தெரிந்து சுருக்கிக்கொண்டார்கள். தாய்க்காகத் தொழுகையின் நேரமே சுருங்கியது. இங்கே ஒரு கந்தோரின் நேரம் அரை மணித்தியாலம் நகராது. ஒரு பள்ளிவாசலின் மத்ரஸா நேரமும் நகராது. ஆனால் நஸீஹத் மட்டும் நீளும்.

முதலாளிமாரிடம் வருகிறோம். கொழும்பில் பெரிய கம்பனிகள் நமது பதிவைப் படிக்கப்போவதில்லை என்பது தெரியும். நமதூர்க்காரர்களே நடத்தும் கந்தோர்களும் கடைகளும் புறக்கோட்டையிலும் வேறு இடங்களிலும் இருக்கின்றன, அவற்றில் கணக்குப் பார்ப்பவர்களும் ஓடர் எடுப்பவர்களும் நமதூர்ப் பிள்ளைகள். ஹாஜியார்மாரே, உங்களிடம் நேரடியாகக் கேட்கிறோம். 2021இல் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து உங்கள் கணக்கைச் சரியாக முடித்துத் தந்தாளா இல்லையா? தந்தாள் என்றால் இன்று வாரத்தில் இரண்டு நாள் ஏன் முடியாது? கண்ணால் காணாவிட்டால் வேலை நடக்காது என்று சொன்னால், அவளுடைய வேலையை அல்ல, உங்கள் நம்பிக்கையைத்தான் பரிசோதிக்க வேண்டும். ரமழானில் பள்ளிக்குக் கஞ்சிச் செலவு ஏற்பது பெரிய நன்மை, மறுக்கவில்லை. உங்கள் ஊழியரை மூன்றரைக்கு பஸ் ஏற விடுவதும் நன்மைதான். அதற்குப் பெயர்ப்பலகை போட முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எல்லா வேலையும் வீட்டிலிருந்து நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வேலை நடக்கவில்லை, 2020இலும் 2021இலும் நாங்கள் அதைப் பார்த்தோம். தரம் 1 பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கச் சூமில் படிப்பிக்க முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் மூத்தவர் இருந்தால்தான் வேலை பிடிபடும் என்பதும் நியாயம். கந்தோருக்குப் போவதையே விரும்பும் உம்மாமாரும் இருக்கிறார்கள். "டீச்சர், பஸ்ஸுல இருக்கிற ஒன்றரை மணித்தியாலம்தான் எனக்கு நான் தனியா இருக்கிற நேரம்" என்று ஒருவர் சொன்னார், அதில் எங்களுக்குப் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே எல்லாரையும் வீட்டில் விடுங்கள் என்பதல்ல எங்கள் கோரிக்கை. கந்தோருக்கு ஆளைக் கூப்பிட்டால் ஆளோடு ஒரு குடும்பமும் நகர்கிறது என்பதைக் கணக்கில் எடுங்கள், இரண்டு வாரத்துக்குப் பதிலாக ஒரு தவணைக்கு முதலே சொல்லுங்கள், வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் பேசித் தீருங்கள். நமது கடை, காரியாலயச் சட்டம் 1954இல் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று அது உச்ச எல்லையைத்தான் சொல்கிறது. நாலு மணிக்கு ஒரு தாயை அனுப்பினால் குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ரமழானைப் பற்றியும் ஒரு வார்த்தை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் தவணை விடுமுறை. கந்தோருக்கு இல்லை. வீட்டிலிருந்து வேலை நடந்த வருடங்களில் இது தெரியவில்லை. இப்போது ஒன்றரை மணிக்குப் பிறகு மட்டுமல்ல, விடியலிலிருந்து மஃரிப் வரை பிள்ளைகள் தனியே. நோன்பு பிடித்த ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள், வீட்டில் பெரியவர் எவரும் இல்லை, கையில் போன். அந்த மாதத்தில் அந்தப் போனில் என்ன ஓடுகிறது என்று கவலைப்படுவோர் யாராவது குழுவில் இருந்தால் அதைப் பற்றியும் நாலரை நிமிடம் பேசலாம்.

இனி எங்கள் யோசனை. பள்ளிவாசல் மேல்மாடியைக் கட்டி முடித்தோம், ஊரே காசு போட்டது, நாங்களும் போட்டோம். பெரிய ஹோல், மின்விசிறி, வுழூச் செய்யும் இடம், கழிவறை எல்லாம் உண்டு. ஜும்ஆவுக்கும் தராவீஹுக்கும் தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. பாடசாலையிலிருந்து நடந்து ஐந்து நிமிடம். ஒன்றரைக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக அங்கே போகட்டும். லுஹர் தொழுது, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, சின்னவர்கள் ஒரு மணித்தியாலம் தூங்கி, பெரியவர்கள் வீட்டுப்பாடம் செய்து, அஸரோடு அதே கட்டடத்தில் மத்ரஸாவுக்குப் போகட்டும். மத்ரஸா முடிந்து ஆறரை வரை அங்கேயே இருக்கட்டும். கூட்டிப்போக யார் வருவார்கள் என்று பெயர் எழுதிக்கொடுத்த ஆளிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்க வேண்டும், கையெழுத்தோடு. எந்த நேரத்திலும் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனி அறையில் என்பது எக்காரணத்துக்காகவும் கூடாது. இந்த விதியில் எங்களோடு யாரும் பேரம் பேச வேண்டாம்.

காசு? முப்பது பிள்ளைகள் என்று வைத்தால், தலைக்கு மாதம் ஆறாயிரம், மொத்தம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம். மூன்று பேருக்குத் தலா நாற்பதாயிரம் சம்பளம், ஒரு இலட்சத்து இருபதாயிரம். மிச்சம் அறுபதாயிரம் கரண்ட், தண்ணீர், துப்புரவு, பின்னேரம் ஒரு தேநீரும் பணிசும். ஆறாயிரம் கட்ட முடியாத வீடுகளுக்கு ஊர் பொறுப்பெடுக்க வேண்டும், பேர் வெளியே தெரியாமல். சம்பளத்துக்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நமதூரில் எத்தனை பேர், உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர். சும்மா செய்யச் சொல்லவும் கூடாது. பிள்ளை பார்ப்பது சம்பளத்துக்குரிய வேலை இல்லை என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர்.

இதை நிர்வாகத்தில் உள்ள சிலரிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னபோது வந்த பதில்களையும் எழுதுகிறோம். பள்ளியில் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்றார் ஒருவர். போடுவார்கள். இன்றைக்குச் சத்தம் போட்டுப் பழகிய பிள்ளைதான் பதினெட்டு வயதிலும் பள்ளிக்கு வரும், துரத்தப்பட்ட பிள்ளை வேறு சந்தியில் நிற்கும், அந்தச் சந்தியைப் பற்றியும் குத்பாவில் பேசுகிறீர்கள். கார்ப்பெட் அழுக்காகும் என்றார் இன்னொருவர். அதற்குத்தான் துப்புரவுச் செலவு போட்டோம். இப்படி இடம் கொடுத்தால் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போகப் பழகிவிடுவார்கள் என்றார் மூன்றாமவர். அவர் மட்டுமே மனதில் உள்ளதைச் சொன்னார், அந்த அளவில் அவருக்கு நன்றி.

பள்ளியில் முடியாது என்றே தீர்மானித்தால் பாடசாலையில் இரண்டு வகுப்பறை கேட்டு அதிபர் மூலமாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நாங்கள் பிரேரணை வைப்போம். அது நாளெடுக்கும். மேல்மாடியின் சாவி இன்றைக்கே கையில் இருக்கிறது.

அடுத்த ஊர்க் கூட்டம் வழமைபோல வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இந்த விஷயம் யாரைப் பற்றியதோ அவர்கள் எல்லாரும் பேலியகொடையில் பஸ்ஸில் நிற்பார்கள். ஆகவே முதல் கோரிக்கை இதுதான்: கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றுங்கள், பெண்களுக்குக் கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்குங்கள், மைக் அவர்கள் பக்கமும் வர வேண்டும். பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோருக்கான படிவம் திங்கட்கிழமை தொடக்கம் ஆரம்பப் பிரிவு அலுவலக ஜன்னலில் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே எடுக்கலாம், நாங்கள் ஆறே முக்காலுக்கு வந்துவிடுவோம். கையெழுத்துக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கிறோம், ஒன்று உம்மாவுக்கு, ஒன்று வாப்பாவுக்கு. வாப்பா வெளிநாட்டில் என்றாலோ, இல்லை என்றாலோ அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம். ஊரில் இருக்கும் வாப்பாமார் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும்.